அரசியலுக்கு ஓய்வு வயது வேண்டுமா?

கோவில்பதாகையிலிருந்து ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறவருக்கு 60 வயதில் ஓய்வு. தமிழக அரசு ஊழியருக்கும் 60. உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்சநீதிமன்ற நீதிபதிக்கு 65. எம்.எல்.ஏ.வுக்கு? 25 நிரம்பினால் போதும், மேலே எல்லையே கிடையாது!

"அரசியல்வாதிக்கும் ஓய்வு வயது வையுங்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால்...

2006-ல் ஐந்தாவது முறையாக முதல்வரானபோது கருணாநிதிக்கு வயது 81. இரண்டு ரூபாய் அரிசியும் இலவச கலர் டிவியும் அந்த ஆட்சியில் வந்தவைதான். அதே மே மாதம் கேரளாவில் முதல்வரான அச்சுதானந்தனுக்கு 82. 75-தான் எல்லை என்று சட்டம் இருந்திருந்தால் மக்கள் விரும்பியும் இருவரும் வந்திருக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016-ல் 91 வயதில் திருவாரூரில் 68 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் கருணாநிதி. அந்த ஆண்டுக் கடைசியில் உடல்நிலை மோசமானது. 2018 ஆகஸ்டில் மறையும் வரை தொகுதிக்காக அவரால் சட்டசபையில் பேச முடியவில்லை. நஷ்டம் யாருக்கு? ஓட்டுப் போட்ட மக்களுக்கு.

அனுமதி இல்லாமல் 60 நாள் சபைக்கு வராதவரின் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 190-வது பிரிவு. அனுமதி வாங்கிவிட்டால்? எத்தனை மாதமானாலும் கேள்வியில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது! அந்த அனுமதிக்கு ஆறு மாதம் என்று வரம்பு வைக்கட்டும். 30 வயதுக்காரருக்கும் அதே விதிதான்.

அட்டெண்டன்ஸ் குறைந்தால் மாணவனைப் பரீட்சை எழுத விடுவதில்லை. எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?