டியூனர் கார்டு இருக்கு, டிஷ்ஷும் இருக்கு... பழவேற்காட்டில் கம்ப்யூட்டரில் எச்டி சேனல் ஏன் வரல?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில், அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போகக் கூடாது என்று பழவேற்காடு மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். வலையை ஓரம் வைத்துவிட்டுக் கரையில் நின்றால், ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். விண்வெளிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்களில், செயற்கைக்கோளில் இருந்து ஒரு தெளிவான டிவி படத்தை மாதக் கட்டணம் இல்லாமல் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் நினைத்த சேனல் எல்லாம் வராது. அதற்குக் காரணம் கார்டும் இல்லை, டிஷ்ஷும் இல்லை.

முதலில், ஏன் கம்ப்யூட்டர்?

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்தது 14 இன்ச் குழாய் டிவி. அதில் எச்டி தெரியவே தெரியாது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் 2 பிள்ளைகளுக்கு லேப்டாப் கிடைத்தது. புது எல்இடி டிவி வாங்காத வீட்டில், எச்டி படத்தைத் தாங்கக்கூடிய பெரிய திரை அந்த லேப்டாப்தான். சாதாரண படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். முழு எச்டியில் 1920-க்கு 1080. கிட்டத்தட்ட 5 மடங்கு விவரம்.

இன்டர்நெட்டில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தையே தொடங்கியிருக்கிறது. ஆனால் எச்டி வீடியோ நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்கு மேல் போய்விடும். தினசரி 1.5 ஜிபி பேக் போட்ட போனில் ஒரு கிரிக்கெட் மேட்ச்சின் கால்வாசிகூடத் தாண்டாது. வானத்தில் இருந்து வரும் சிக்னலுக்கு டேட்டா கணக்கே கிடையாது.

பழைய கார்டு வேலை செய்ததே, அது எப்படி?

15, 20 வருஷத்துக்கு முன்னால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய டியூனர் கார்டை கம்ப்யூட்டரில் செருகி, கேபிள் ஒயரை மாட்டினால் எல்லா சேனலும் வந்தது. அப்போது கேபிள் அனலாக். பெரும்பாலும் பூட்டில்லாமல் திறந்தே வந்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த அனலாக் சிக்னல்தான்.

அதே 2011-ல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டு டிஜிட்டல் கட்டாயமானது. அரசு கேபிளுக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, அந்த ஆண்டே செட்டாப் பாக்ஸ் விநியோகம் தொடங்கியது. டிஜிட்டல் வந்ததால் எச்டி பரவியது. ஆனால் கூடவே பூட்டும் வந்தது. இங்கதான் விஷயமே இருக்கிறது. சிக்னல் இப்போது குறியாக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதைத் திறக்கும் சாவி ஆபரேட்டர் தரும் பாக்ஸுக்குள் இருக்கிறது. கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேபிள் ஒயரை மாட்டினால் சேனல் பெயர்கள் வரலாம், படம் வராது. சன் டைரக்ட், டாடா ப்ளே, ஏர்டெல் டிஷ்களிலும் கட்டணச் சேனல்களுக்கு இதே கதைதான்.

பாக்ஸின் எச்டிஎம்ஐ ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினால்? லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. தனியாக கேப்சர் கருவி வாங்கினாலும் எச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு குறுக்கே நிற்கும். இந்தப் பூட்டுகளை உடைக்கும் சாஃப்ட்வேர் பற்றி யாராவது சொன்னால் கேட்காமல் இருப்பது நல்லது. காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தில் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை.

எந்த ஆபரேட்டரின் சேவைக்கும் பொருந்தும் பொதுவான பாக்ஸ் வேண்டும், கடையில் விற்கும் டிவிகளில் அதற்கான வசதி வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் பணம் கட்டியவர் தன் சேனலை எந்தக் கருவியில் வேண்டுமானாலும் பார்க்கும் காலம் கொஞ்சம் நெருங்கியிருக்கும். இப்போதைய நிலையில், பணம் கட்டினாலும் கம்ப்யூட்டர் வாசலுக்கு வெளியேதான்.

அப்போ என்னதான் வரும்?

டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை. மாதக் கட்டணம் இல்லை. இப்போது ஜிசாட்-15 வழியாக வருகிறது. (ஏரிக்கு அந்தப் பக்கமே ஏவுதளம் இருந்தும், இந்தச் செயற்கைக்கோள் கிளம்பியது தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருந்து, 2015 நவம்பரில்.)

பழவேற்காட்டில் டிஷ் வைக்க ஏற்ற இடமும் அமைந்திருக்கிறது. ஜிசாட்-15 இருப்பது கிழக்கு 93.5 டிகிரியில். இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கடல் பக்கமாக, சுமார் 68 டிகிரி உயரத்தில். மறைக்கக் கட்டடம் இல்லை. உப்புக்காற்றில் டிஷ்ஷும் நட்டும் துருப்பிடிப்பதுதான் தொல்லை.

கார்டு வாங்கும்போது பெட்டியில் டிவிபி-எஸ்2 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்2 இல்லாத பழைய கார்டில் எம்பெக்-2 சேனல்கள் மட்டுமே சிக்கும். டிடி நேஷனல் எச்டி, டிடி நியூஸ் எச்டி போன்றவை இருப்பது எம்பெக்-4 பக்கம். லேப்டாப்பில் கார்டு செருக இடம் இருக்காது. யுஎஸ்பி டியூனர்தான் வழி. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், ஏனென்றால் டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் போக வேண்டும். யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட். சேனல் இடங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் பண்ண வேண்டியிருக்கும்.

2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது சாதாரண ஆன்டெனா போதும் என்ற ஆசை வந்தது. வந்தது சில டிடி சேனல்கள் மட்டும், அதுவும் சாதாரண தரத்தில். பழவேற்காடு சென்னையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் என்பது வேறு.

சீரியலும் சினிமாவும்?

பெரிய தமிழ்ப் பொழுதுபோக்கு சேனல்களின் எச்டி கட்டணப் பூட்டுக்குள்தான் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலம் எடுக்க வேண்டும். அங்கே இந்திதான் அதிகம். தமிழ் வீட்டுக்கு இது பெரிய குறை, மழுப்புவதற்கு எதுவுமில்லை. கிரிக்கெட் மட்டும் விதிவிலக்கு. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 போட்டிகளின் சிக்னலைத் தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்த சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், கேபிளில் வராத மேட்ச் ஃப்ரீ டிஷ்ஷில் வரும்.

மீன்பிடித் தடைக்காலத்திலும், இறால் கிடைக்காத மாதங்களிலும் ரீசார்ஜ் முடிந்தால் கட்டண டிவி அடங்கிவிடும். ஃப்ரீ டிஷ் அடங்காது. ஆனால் புயல் செய்திக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. டிஷ் பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலைகளைக் கனமழை விழுங்கிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி மழையில் கட்டண டிஷ், இலவச டிஷ் இரண்டிலும் படம் உறையும். அந்த மணி நேரங்களுக்கு பேட்டரி போட்ட ரேடியோ பெட்டி வீட்டில் இருக்கட்டும்.