மாலை வாடிய பிறகு

தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் நம் லயங்களில் அன்று தீபாவளிதான். கோயிலில் அர்ச்சனை, தலைவர் கையால் மாலை, பத்திரிகையில் படம். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளை அதற்குத் தகுதியுடையதே. ஆனால் மாலை வாடிய பிறகு, மூன்றாவது மாதத்தில், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர் நம்மில் எத்தனை பேர்?

படிப்பை நடுவில் விடுகிறவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மூளை இல்லாமல் அல்ல. மூளை இல்லாதவன் எஸ்.டி.பி.எம். தேறியோ மெட்ரிகுலேசன் முடித்தோ அங்கே போயிருக்க முடியாது. கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதரோடும் ஒட்டாமற்போகும் மாணவனே வெளியேறுகிறான் என்று அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டிண்டோ 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த நமக்கு இது புதுச் செய்தியா?

நம் பிள்ளை ஆறாண்டு தமிழில் படித்தது. இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தது. இப்போது அதன் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம். சந்தேகம் கேட்க எழுந்தால் தன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று கூச்சம். முதலில் வாய் மூடுகிறது. பிறகு வகுப்புக்கே போவதில்லை.

பணக் கதை இதனினும் கொடியது. பி.டி.பி.டி.என். கடன் 1997ஆம் ஆண்டு தொடங்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; ஆனால் ஒப்பந்தப் பத்திரங்கள் சரியாகி முதல் தவணை கைக்கு வரச் சில வாரங்கள் செல்லும். அதுவரை வயிறு காத்திருக்குமா? அண்மை ஆண்டுகளில் பல்கலைக்கழகம் திறப்பதோ செப்டம்பர், அக்டோபர் வாக்கில். அடுத்து வருவது அடைமழை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு நிலை பிள்ளைக்கும் தெரியும், அதனாலேயே கேட்காது. "சாப்பிட்டியா?" என்று தாய் தொலைபேசியில் கேட்டால், "சாப்பிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு மெகி மீயோடு படுத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் முதல் பருவத் தேர்வு வருகிறது. சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே விழுகிறது. கதை முடிந்ததென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுகிறது. இதுதான் தவறு! அடியோடு விழுந்தாலொழிய, ஒருமுறை சறுக்கிய மாணவனை எச்சரித்துத் தொடர விடுவதே பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். நோயோ வீட்டுத் துயரமோ என்றால், மனுக் கொடுத்து ஒரு பருவம் தள்ளிப்போடவும் வழியுண்டு. ஒவ்வொரு மாணவனுக்கும் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இருக்கிறார். மாணவர் நலப் பிரிவும் இருக்கிறது. இவற்றை அறியாமல், ஒரு வரி எழுதிக் கொடுக்காமல் வந்துவிடுகிறவன் இடத்தை இழக்கிறான். வாங்கிய கடன் மட்டும் அவனை விடாது.

கிராணிமார்களே, இந்த இடத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதத்தை லயத்துத் தாய்க்குப் படித்துச் சொல்ல உங்களைவிட்டால் யார்? பாரம் நிரப்பித் தரவும் கெடு தேதியை நினைவூட்டவும் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில் ஒரு படிப்பு பிழைக்கும்.

கிளைச் செயலவையினருக்கும் ஒன்று. மாலைக்கும் சால்வைக்கும் ஒதுக்கும் பணத்தில் பாதியைக் கைமாற்றாக வைத்திருங்கள். கடன் தவணை வரும்வரை கொடுத்து, வந்ததும் வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். நம் தோட்டத்திலிருந்து முன்பே அங்கு போய்ப் படிக்கும் அண்ணனையோ அக்காளையோ புதுப்பிள்ளைக்கு முதல் வாரமே அறிமுகம் செய்துவையுங்கள். பணத்தைவிட இது பெரிது என்பது நம் கருத்து.

பெற்றோரே, "உனக்காக நாங்கள் படுகிற பாடு" என்று தினமும் சொல்லாதீர்கள். அது பிள்ளைக்குத் தெரியும். முதல் அழுகையைக் கேட்டதும் "வந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள். யாரிடம் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

இவ்வாண்டு நம் தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் கிளையில் இருக்கின்றனவா? இல்லையென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாய்ப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள்.