எஸ்.பி.பி. யாருக்குச் சொந்தம்?

எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் பாட்டு எங்கே ஓடினாலும் "என்ன இருந்தாலும் அவர் தெலுங்குக்காரர் தானே" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். "யார் சொன்னது? அவர் பிறந்தது தமிழ்நாட்டில்" என்று மறுக்கவும் ஒருவர் இருப்பார். அரக்கோணம், திருத்தணி பக்கம் இந்தச் சண்டையில் சுவாரஸ்யம் கொஞ்சம் அதிகம். அவர் பிறந்த கோனேட்டம்பேட்டை இதே வட்டாரத்தில், பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் தான் இருக்கிறது.

அந்த ஊரின் கதையைக் கேட்டால் இரண்டு பேருமே வாயை மூடிக்கொள்ள வேண்டியது தான்! அவர் பிறந்த 1946-ல் அது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரலில் திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. அவரோ வளர்ந்தது நெல்லூரில். இன்றும் அரக்கோணத்தில் ரேணிகுண்டா வண்டி ஏறினால் திருத்தணி, பொன்பாடி தாண்டியதும் ஆந்திரா. கடையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசுகிற ஜனங்கள் வாழும் இடம் இது.

ஆகவே பிறந்த ஊரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒருவர் ஒரு மொழிக்காக எவ்வளவு மெனக்கெட்டார் என்று பார்ப்பது தான் நியாயம். எம்.எஸ்.விஸ்வநாதன் அவர் குரலை முதலில் கேட்டபோது, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டு வந்தார். 1969-ல் 'சாந்தி நிலையம்', 'அடிமைப்பெண்' இரண்டும் வெளிவந்தபோது தமிழ்நாடே யார் இந்தப் பையன் என்று கேட்டது. ('அடிமைப்பெண்' பாட்டுக்கு முன் அவர் டைபாய்டில் படுத்துவிட, வேறு பாடகரைப் போடாமல் எம்.ஜி.ஆர். காத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.) இன்று தமிழையே தாய்மொழியாகக் கொண்ட சிலர் ழகரத்தைப் படுத்துகிற பாட்டைக் கேட்கும்போது, அந்த எம்.எஸ்.வி. மாதிரி திருப்பி அனுப்ப ஆளில்லையே என்று தான் தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கை. தெலுங்கர்கள் பெருமையோடு சொல்லும் 'சங்கராபரணம்' படத்துக்கு இசை யார்? 'அடிமைப்பெண்'ணுக்கு இசையமைத்த அதே கே.வி.மகாதேவன், நாகர்கோவில்காரர்! அந்தத் தெலுங்குப் படத்துக்குத் தான் எஸ்.பி.பி.க்கு முதல் தேசிய விருது. மொத்தம் ஆறு விருதுகள், தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்று நான்கு மொழிகளில். தமிழுக்கு ஒன்றே ஒன்று, 'மின்சார கனவு'. நம்மவர்கள் வருத்தப்பட வேண்டுமானால் இதற்கு வருத்தப்படலாம். தெலுங்கு 'தசாவதார'த்தில் கமலின் பத்து வேடங்களில் ஏழுக்குப் பேசியதும் இவர் குரல் தான்.

சொந்தம் கொண்டாடும் சண்டை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. 2025 டிசம்பரில் ஐதராபாத் ரவீந்திர பாரதியில் அவருக்குச் சிலை வைத்தபோது, அவர் ஆந்திராக்காரர், இங்கே எதற்கு என்று சில தெலங்கானா ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். இங்கே தெலுங்கர், அங்கே ஆந்திராக்காரர். ஐம்பது வருடத்துக்கு மேல் பாடியவருக்கு இது தானா மரியாதை?

2020 செப்டம்பர் 26-ல் அவரைத் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் அடக்கம் செய்தார்கள். கோனேட்டம்பேட்டையைப் போல அதுவும் திருவள்ளூர் மாவட்டம் தான்.