பேனா நிற்கிற இடம்!

குட்டீஸ், "எனக்கு எல்லாம் தெரியும், எழுதத்தான் வரலை" என்று சொல்கிற ஆளா நீங்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத வரவில்லை என்றால், பெரும்பாலும் அந்த விஷயம் இன்னும் முழுசாகப் புரியவில்லை என்றுதான் அர்த்தம். எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

சந்தேகமா? மழை எப்படிப் பெய்கிறது என்று, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். "கடல் நீர் ஆவியாகிறது. மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. பிறகு மழையாகப் பெய்கிறது." சரி, மேகம் ஆனதும் ஏன் உடனே விழவில்லை? "பிறகு" என்றால் எப்போது? இங்கே பேனா நின்றுவிடும்! வாயால் சொல்லும்போது இந்த ஓட்டையைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். தாளில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பேனா நின்ற இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. ஆசிரியரிடம் கேளுங்கள். மேகத்தில் இருப்பவை மிக மிகச் சிறிய துளிகள். அதனால் காற்றில் மிதக்கின்றன. பல துளிகள் ஒன்றுசேர்ந்து கனமானதும் கீழே விழுகின்றன. இப்போது அந்த வரியை மாற்றி எழுதுங்கள். இனி மறக்கவே மறக்காது!

மைக்கேல் பாரடே தெரியுமா? லண்டனில், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய ஏழைப் பையன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. 1812ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, விளக்கமாக எழுதி, தானே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது! அதன்பின் தம் சோதனைகளை நாட்குறிப்பில் எழுதிவந்தார், தோற்றுப்போன சோதனைகளையும்தான். பத்திகளுக்கு வரிசை எண் போட்டார். அது 16 ஆயிரத்தைத் தாண்டியது. காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831ல் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

நோட்ஸில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்தால் மார்க் கிடைக்கலாம். ஆனால், அதில் யோசித்தது யாரோ; நீங்கள் இல்லையே!

தினமும் ஐந்தே வரி போதும். அன்று படித்த ஒன்றைச் சொந்தமாக எழுதுங்கள். தம்பி, தங்கையிடம் படித்துக் காட்டுங்கள். "அப்படின்னா என்ன?" என்று அவர்கள் கேட்கிற வரியை இன்னும் எளிதாக மாற்றுங்கள்.

எங்கே, இன்று எந்த வரியில் உங்கள் பேனா நிற்கிறது, பார்ப்போமா?