மாலைக்குள் மடியும் மின்கலம்

எமது அயலில் வாழும் அம்மையார் ஒருவரின் மகன் கட்டாரில் உழைக்கின்றான். நாள்தோறும் இரவு 8 மணிக்குத் தாயை அழைப்பான். அந்த ஓர் அழைப்பிற்காகவே அவர் பகற்பொழுதைக் கழிப்பவர். சென்ற மாதம் நான்கு இரவுகள் அவர்களாற் பேச இயலவில்லை. காலையில் 100 வீதம் காட்டிய கைத்தொலைபேசி, விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால் உயிரற்றுக் கிடந்தது. “தம்பி, புதிசாய் ஒண்டு வாங்கி அனுப்பச் சொல்லட்டோ?” என்று எம்மிடம் வினவினார்.

வாசகர்களே, பணப்பையைத் திறக்குமுன் ஒன்றை ஆராய்தல் நன்று. குடத்து நீர் விரைவில் தீருமாயின், குடம் ஒழுகுகின்றதா, அன்றிக் குடமே சிறிதா என்று பார்ப்போமல்லவா? மின்கலத்தின் குறையும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றேயாம்.

ஒழுக்கை அறிய இரண்டு இரவுகள் போதும். முதலிரவு, மின்னேற்றாமல், உறங்குமுன்னும் விழித்தபின்னும் வீதத்தைக் குறித்துக்கொள்க. எவரும் தொடாத கருவி சில வீதமே இழத்தல் வேண்டும். மறுநாளிரவு விமானப் பயண நிலையில் வைத்து ஒப்பிடுக. அம்மையாரின் கருவி முதலிரவில் 27 வீதம் இழந்தது. மறுநாளிரவில் 2 வீதமே. ஆகவே மின்கலம் குற்றமற்றது என்பது தெளிவாயிற்று.

காரணம் யாது? பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருக்க, அதனை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைப்பது அவர் வழக்கம். இரும்பின் நடுவே அலைகள் புகுதல் அரிது. கருவியோ கோபுரத்தைத் தேடித் தேடி, தொலைவில் நிற்பவரை உரத்துக் கூவி அழைப்பார்போல் மிகுந்த வலுவுடன் அலை பரப்பித் தன் மின்னை வீணே செலவிட்டது.

பிறர் வீட்டில் ஒழுக்கு வேறிடத்தில் இருக்கலாம். கருவியின் ‘அமைப்புகள்’ பகுதியில் ‘மின்கலம்’ என்பதைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு உண்கின்றது என்ற பட்டியல் தோன்றும். திரையின் ஒளியைக் குறைத்தலும் பெரும் சேமிப்பாகும். செயலிகளை நொடிக்கொருமுறை மூடுவதாற் பயனில்லை. மீளத் திறக்கையில் மின் கூடுதலாகவே செலவாகும்.

நிற்க, குடமே சிறுத்தலும் உண்டு. லிதியம் அயன் மின்கலம் ஒவ்வொரு மின்னேற்றத்தோடும் மூப்படைகின்றது. ஐபோன் 14 வரையுள்ளவை 500 முழுச் சுற்றுகளின் பின்னும் 80 வீதக் கொள்ளளவைப் பேணுமாறு அமைக்கப்பட்டவை. ஐபோன் 15 வகைகளுக்கு அது 1000 சுற்று. வெப்பம் இம்மூப்பை விரைவுபடுத்தும். ஆதலின் வெயிலில் நிற்கும் காரினுள் கருவியை விடாதீர். 30 வீதம் காட்டும்போதே திடீரென அணையுமாயின், மின்கலத்தை மட்டும் மாற்றினாற் போதும். வீங்கியிருப்பின் உடனே பாவனையை நிறுத்துக. மின்னேற்றவோ குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.

அம்மையாரின் கைத்தொலைபேசி இன்று சன்னலோர மேசையில் இருக்கின்றது. செலவு ஒரு சதமும் இல்லை. இரவு 8 மணிக்கு மணி ஒலிப்பது எமது வீட்டிற்கும் கேட்கின்றது.