பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

ஜூலையில் குறுவட்டப் போட்டிகளுக்கு விசில் ஊதினால், அரையாண்டுத் தேர்வு வரை நம் பள்ளிகளுக்கு ஓய்வே இல்லை. வண்டலூர், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், முடிச்சூர் என்று தாம்பரத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும் எந்தப் பள்ளிப் பக்கம் போனாலும் இந்த மாதங்களில் ஒரு பக்கம் கோ-கோ பயிற்சி, இன்னொரு பக்கம் வில்லுப்பாட்டு ஒத்திகை. குறுவட்டம் முடிந்தால் மாவட்டம். பாரதியார் தினம், குடியரசு தினம் ஆகிய பெயர்களில் நடக்கும் போட்டிகள் தனி. முதலமைச்சர் கோப்பை வேறு. அதற்குள் கலைத் திருவிழாவும் வந்துவிடும்.

இந்தப் பரபரப்பை நாம் மனமார வரவேற்கிறோம். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கென்று கலைத் திருவிழா தொடங்கப்படும் வரை, மேடை என்பது பெரும்பாலும் தனியார் பள்ளி ஆண்டு விழாக்களின் சொத்தாகவே இருந்தது. வாடகை உடை, டான்ஸ் மாஸ்டர் ஃபீஸ் எல்லாம் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைதான் ஆடியது. இன்று காட்டாங்கொளத்தூர் வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளை தெருக்கூத்துக்கு வேஷம் கட்டுகிறது, களிமண்ணில் சிற்பம் செய்கிறது, பறை அடிக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநில அளவில் வென்றால் கலையரசன், கலையரசி என்று பட்டம் தருகிறார்கள். அப்பன் ஆத்தாள் அடித்த பறையைத் தொடவே கூச்சப்பட்ட பிள்ளைகள், அதை அரசு மேடையில் தலை நிமிர்ந்து அடிக்கிறார்கள் என்றால், அதற்கு எந்த மதிப்பெண்ணும் ஈடாகாது.

விளையாட்டிலும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சோடை போகவில்லை. 2024 முதலமைச்சர் கோப்பைப் பதக்கப் பட்டியலில் சென்னைக்கு அடுத்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய அந்தக் குடியிருப்பின் பெயரை நாடே பெருமையோடு சொன்ன நாள் அது.

ஆனால், இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தயார் செய்கிறவர்கள் யார்? மேடையில் அவர்கள் பெயர் அழைக்கப்படுவதில்லை.

2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அது 12,500 ரூபாயைத் தொடப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் அந்த மாதச் சம்பளமும் இல்லாமல் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடாத ஆட்சி இல்லை; வாக்குறுதி கிடைக்காத தேர்தலும் இல்லை. மூன்று அரை நாள் என்பது தாளில்தான். போட்டிக் காலத்தில் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் நிற்பதும், செங்கல்பட்டுக்குப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கூட்டிப் போவதும், இருட்டிய பிறகு வரும் மாணவிகளை அவரவர் வீட்டில் ஒப்படைக்கும் வரை தூங்காமல் இருப்பதும் இவர்கள்தான். கொடுத்த பணம் மதியச் சாப்பாட்டுக்குப் போதாவிட்டால் பற்றாக்குறையைத் தங்கள் பையிலிருந்து போடுகிறவர்களும் இவர்களே.

இந்த அநியாயத்தின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால், அதே அட்டவணை அவர்களைப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. கணக்குக்கு முழு ஆள், ஓட்டத்துக்கு அரை ஆள் என்று சட்டமே சொன்ன பிறகு, பள்ளிக் கால அட்டவணை வேறு எப்படி இருக்கும்?

அதனால்தான் பி.டி. பீரியட் எப்போதும் இரவல் போகிறது. பத்தாம் வகுப்பு என்றால் கணக்கு சார் கேட்பார். பன்னிரண்டு என்றால் இயற்பியல் டீச்சர் கேட்பார். பிள்ளைகள் முகம் தொங்கிவிடும், யாரும் பொருட்படுத்துவதில்லை. அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் போட்டிக்குப் போவது இருபது பேர் என்றால், மீதமுள்ள ஐந்நூற்று எண்பது பேர் எப்போது ஓடுவது, எப்போது பாடுவது? அந்த இருபது பேரும் பெரும்பாலும் எல்லாப் போட்டிக்கும் அனுப்பப்படும் அதே பிள்ளைகள்தான். கோப்பைகளின் எண்ணிக்கையை வைத்துப் பள்ளியை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957-ல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. இன்று மாநிலமே திரண்டு வந்து பார்க்கும் விழா. வென்றவர்களுக்குக் கருணை மதிப்பெண்ணும் உண்டு. அதன் மறுபக்கமும் நமக்குத் தெரிய வேண்டும்: மதிப்பெண் ஆசையில் பெற்றோர்கள் உடைக்கும் தனிப் பயிற்சிக்கும் கடன் வாங்கிச் செலவழித்தார்கள், நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் குவிந்தன, நீதிமன்றம் வரைக்கும் போயின. பயிற்சி பள்ளிக்குள் கிடைக்காவிட்டால் அது வெளியே விலைக்கு விற்கப்படும். நம் கலைத் திருவிழா இன்னும் இளசு. அந்தப் பக்கம் போகாமல் இப்போதே தடுத்துவிடலாம்.

வண்டலூருக்கு இதில் கூடுதல் உரிமையும் பொறுப்பும் இருக்கிறது. கேளம்பாக்கம் சாலையில் சிறிது தூரம் போனால் மேலக்கோட்டையூர். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் சைக்கிள் பந்தயங்கள் நடந்த தளம் அந்த வளாகத்தில்தான். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் சென்னைக்கு நூறாண்டு அனுபவம் உண்டு; ஹாரி குரோ பக் 1920-லேயே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை இங்கே தொடங்கிவிட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்களோடு போனவரும் அவர். ஆக, படித்த உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்து வேலையில் வைக்கும் மனம்தான் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டு முழுவதும் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு முறைவைத்து வந்து பயிற்சி கொடுத்தால், வண்டலூர் வட்டம் மற்றவர்களுக்கு வழிகாட்டும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மைதானமும் தெருவும் ஒன்றாகிவிடும். 2015 வெள்ளத்தை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. அப்படியிருக்க, முக்கியப் போட்டிகளையெல்லாம் அந்த மழை மாதங்களுக்குள் நெருக்கி வைத்து, பிள்ளைகளைச் சேற்றில் ஓடவிட்டு, கையோடு அரையாண்டுத் தேர்வையும் எழுதச் சொல்வது என்ன திட்டமிடல்? பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஜனவரி, பிப்ரவரி வெயிலையும் சேர்த்துக் கொண்டு ஒரே நாட்காட்டி போடலாம்.

தலைமை ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: அடுத்த கால அட்டவணையில் பி.டி. பீரியடையும் கலை வகுப்பையும் யாரும் இரவல் வாங்க முடியாதபடி எழுதுங்கள்; பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்தே எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், 'என் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை முறை விளையாட்டு நடந்தது?' என்று பெற்றோர்கள் கேட்கட்டும். அரசோ, அடுத்த கலைத் திருவிழாவின் மேடை அலங்காரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், பகுதிநேர ஆசிரியர்களைக் காலமுறை ஊதியத்தில் முழுநேரப் பணிக்குக் கொண்டுவரும் ஆணையில் கையெழுத்திடட்டும்.