பெட்டிக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு இல்லை
எல்லையோரப் பட்டாசுக் கிடங்குகள், தீ, வெளியேற்றம்: கூட்டமைப்பின் நிலைப்பாடு

தீபாவளிக்கான தற்காலிகப் பட்டாசு உரிமங்கள் வழங்கப்படவிருக்கின்றன. ஓசூர், அத்திப்பள்ளி எல்லையோரக் கடைகள் பற்றிக் கூட்டமைப்பு ஏன் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்களே கேட்கிறார்கள். கடைகளை அடியோடு மூடச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒரு மாத வியாபாரத்தை நம்பி ஆண்டை ஓட்டுபவர்களும் உண்டு. செயற்குழு இருமுறை கூடியும் இதில் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. எனவே தடை வேண்டுமா என்ற கேள்விக்குள் இவ்வறிக்கை இப்போதைக்குப் போகவில்லை. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வர என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசுகிறது. அதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

2023இல் நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூலை 29, சனிக்கிழமை காலை, கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடிப்பில் ஒன்பது பேர் இறந்தார்கள். அக்டோபர் 7, அதுவும் சனிக்கிழமை, பிற்பகலில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கு. லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது பிடித்த தீயில் முதலில் இறந்தவர்கள் 14 பேர். பிறகு மருத்துவமனையிலும் சாவு தொடர்ந்தது. இரண்டுக்கும் நடுவே சரியாகப் பத்து வாரம். பழையபேட்டையில் வெடித்தது சிலிண்டரா, பட்டாசா என்று நாடாளுமன்றம் வரை பேசினார்கள். பேசட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அடுக்கியிருக்கிறது என்பதைக் குடியிருப்பவரிடம் சொல்லும் கடமை யாருடையது என்பதே எங்கள் கேள்வி.

அத்திப்பள்ளி கர்நாடகத்தில் இருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அரூர்ப் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து பல பேர். கல்லூரிக் கட்டணத்துக்காகப் பருவ வேலைக்கு வந்த மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்று மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. உள்ளே இன்னார் இன்னார் இருக்கிறார்கள் என்று வாசலில் எடுத்து நீட்ட ஒரு தாள் இருந்திருந்தால், தேடியவர்களுக்கு உதவியிருக்கும். பதறியடித்து வந்த பெற்றோர், பிள்ளை உள்ளே இருந்தானா, டீ குடிக்க வெளியே போயிருந்தானா என்று ஆளாளுக்குக் கேட்டு அலைய வேண்டியிருந்திருக்காது.

2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று உரிமதாரர் கணக்கு வைக்க வேண்டும். தற்காலிகக் கொட்டகை ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றை ஒன்று பார்த்து நிற்கக் கூடாது. பெட்டிக்குக் கணக்கு உண்டு, கொட்டகைக்கு அளவு உண்டு. பெட்டியைத் தூக்கும் பையன் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வேலையாட்களின் பதிவேட்டுக்குச் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. ஒரு மாதக் கூலிக்கு வந்தவனை அதில் எழுதுவதில்லை, எழுதாததை யாரும் கேட்பதும் இல்லை.

அத்திப்பள்ளி விபத்துக்குப் பின் கர்நாடக முதல்வர் நேரில் வந்தார், சிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டார். திருமணம், அரசியல் ஊர்வலம், விநாயகர் ஊர்வலங்களில் பட்டாசுக்குத் தடை என்றார். அந்த அரசு ஐந்து லட்சமும் தமிழ்நாடு அரசு மூன்று லட்சமும் நிவாரணம் அறிவித்தன. நிவாரணத்தைக் குறை கூறுவது எங்கள் நோக்கம் அல்ல. ஆனால் செத்த பிறகு பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் சரியாக எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, உயிரோடு இருக்கும்போது எழுத என்ன தடை?

செய்ய முடியாத காரியமும் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதி கொண்டுவந்தது. பெயர் பதியாமல், அனுமதி வாங்காமல் இன்று காட்டுக்குள் போக முடியாது. 2024 செப்டம்பர் 28 அன்று நம் பகுதியிலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும் தீ. உயிரிழப்பு இல்லை. அங்கே ஷிப்ட் இருக்கிறது, வருகைப் பதிவு இருக்கிறது. மலையேறுபவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உள்ள கணக்கு கிடங்குப் பையனுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆகவே உள்ளே இருப்போரின் அன்றாடப் பெயர்ப்பட்டியல் கிடங்கின் வெளிச்சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதன் நகல் அன்றன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். இது இல்லாத இடத்துக்கு உரிமம் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க நாங்கள் தயாராக இல்லை.

மற்றவை: சரக்கு அடைக்காத இரண்டாவது கதவு வேண்டும். கிடங்குக்குள் சமையலும் படுக்கையும் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. எச்சரிக்கை தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் இருக்க வேண்டும்.

ஓசூர், ஆனேக்கல் வட்டங்களின் தீயணைப்பு, வருவாய், காவல் துறைகள் உரிய காலத்தில் கூட்டு ஒத்திகை நடத்துவது விரும்பத்தக்கது. ('உரிய காலத்தில்' என்பது குழுவில் சிலர் கேட்டுக்கொண்டதால் நிற்கிறது. முதல் வரைவில் 'பருவம் தொடங்கும் முன்' என்றிருந்தது.) 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள், பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகளைச் சுற்றிய ஊர்களுக்காக ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளிவளாக ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் குடியிருக்கும் உறுப்பினர்களில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்.

அஞ்செட்டி, தளி, ஜவளகிரிக் காட்டோர ஊர்களுக்குக் கோடையில் காட்டுத் தீயும் புதிதல்ல. மாடு மேய்ப்பவர் மேல் கைகாட்டும் முன், எந்தப் பாதையில் வெளியேறுவது, யார் தண்டோரா போடுவது என்பதை அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வனத்துறை முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலிருந்து பிள்ளையைப் பருவ வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு: எந்தக் கிடங்கு, யார் கூட்டிப் போனது, கூடப் போனவர்கள் யார் என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள்.